நுனியைக் கிள்ளலாம், காய் எங்கே பிடிக்கும் என்று பார்த்துவிட்டுக் கிள்ளுங்கள்

எங்க ஊரில் ஆட்டை வைத்து ஒரு பஞ்சாயத்து நடந்தது. ஆறேழு வருசம் இருக்கும். எனக்கு அத்தை முறையாகும் ஒருவருடைய வெள்ளாடுகள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு என் துவரைக் காட்டில் இறங்கிவிட்டன. விதைத்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. வாய்க்கால் ஓரம் ஏழெட்டு வரிசையில் கொழுந்து முழுக்கப் போய்விட்டது. நான் குதித்த குதியில் அத்தை பேசாமல் முந்தானையில் முடிந்து வைத்திருந்த 500 ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

தை மாசம் அறுப்புக்கு இறங்கியபோதுதான் விசயம் தெரிந்தது. ஆடு கடிக்காத செடிகள் நெட்டையாகப் போய் உச்சியில் மட்டும் கொத்தாகக் காய்த்திருந்தன. கடித்த செடிகள் குட்டையாக, ஒரு முழத்துக்குள்ளேயே ஐந்தாறு கிளை விட்டு, கிளைக்குக் கிளை நெற்றாகத் தொங்கின. அறுப்புக்கு வந்திருந்த அத்தை அதைப் பார்த்துவிட்டு, "ஏன் மருமகனே, எங்க ஆட்டுக்குல்ல நீ கூலி குடுத்திருக்கணும்? அந்த ஐந்நூறத் திருப்பிக் குடு" என்றார். கொடுத்துவிட்டேன்.

இந்தக் கதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது. அதே வரிசைகளில் ஆடு அடிமட்டத்தில் கடித்த செடிகள் பட்டுப்போய் அங்கங்கே சொட்டையாகக் கிடந்தன. ஆக, ஒடித்தால் மட்டும் விளைச்சல் கூடிவிடாது. எந்த இடத்தில், எந்த வயசில், எந்தச் செடியில் ஒடிக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்: நுனி கிள்ளுதல், கவாத்து, பந்தல் ஏற்றுதல், கிளை வளைத்தல். பைசா செலவில்லாத வேலைகள். ஆனால் தப்பாகச் செய்தால் ஒரு போகமே போய்விடும். எனக்குப் போயிருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

முதலில், கிள்ளினால் செடிக்குள் என்ன நடக்கிறது? ஒவ்வொரு இலைக்காம்பும் தண்டும் சேருகிற கக்கத்தில் ஒரு சின்ன மொட்டு தூங்கிக்கொண்டிருக்கும். அது கிளையாக வேண்டிய மொட்டு. அதைத் தூங்க வைத்திருப்பது உச்சிக் கொழுந்து. கொழுந்தில் உற்பத்தியாகும் ஆக்சின் என்கிற வளர்ச்சிச் சாறு தண்டு வழியாகக் கீழே இறங்கி, பக்க மொட்டுகளை எழவிடாமல் அடக்கி வைக்கிறது. 1930-களில் தீமன், ஸ்கூக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அவரைச் செடியின் நுனியை வெட்டினார்கள். பக்க மொட்டு எழுந்தது. வெட்டிய இடத்தில் ஆக்சினைத் தடவிய செடிகளிலோ, நுனியே இல்லாவிட்டாலும் பக்க மொட்டு எழவில்லை. கூட்டுக் குடும்பத்தில் பெரியவர் உட்கார்ந்திருக்கும்வரை சின்னவர்கள் வாய் திறக்காத மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரொம்ப நாளாக இவ்வளவுதான் கதை என்று இருந்தார்கள். 2014-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பட்டாணிச் செடியை வைத்துச் செய்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. நுனி வளருகிறவரை இலையில் தயாராகும் சர்க்கரையை அதுவே இழுத்துக்கொள்கிறது. நுனி போனதும் அந்தச் சர்க்கரை பக்க மொட்டுக்குப் பாய்கிறது. மொட்டை முதலில் எழுப்பிவிடுவது அந்தச் சர்க்கரைதான். நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. சர்க்கரையைத் தயாரிப்பது இலை. இலை வெளுத்து, தண்ணிக்கு ஏங்கி நிற்கிற செடியின் நுனியைக் கிள்ளினால் பங்குபோட அங்கே ஒன்றும் இருக்காது. கிள்ளுகிறேன் என்று இலையையும் சேர்த்து உருவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சோற்றுப்பானையைக் கவிழ்த்துவிட்டுப் பந்தி போடுகிற வேலை.

சரி, பயிருக்கு வருவோம். துவரையில் ஆடு செய்ததை நாம் ஒழுங்காகச் செய்ய வேண்டும். பையில் நாற்று விட்டு, 5 அடிக்கு 3 அடி இடைவெளியில் நடுகிறவர்கள், நட்ட 20 முதல் 30 நாளுக்குள் நுனியில் 5, 6 செ.மீ. அளவுக்குக் கிள்ளிவிட வேண்டும். வேளாண் பல்கலைக்கழகம் சொல்வதும் இதையேதான். நேரடியாக விதைத்தவர்கள் முழங்கால் உயரம் வந்ததும் கிள்ளலாம். நகத்தாலேயே கிள்ள வரவேண்டும். கத்தி தேவைப்படுகிறது என்றால் நாள் கடந்துவிட்டது என்று அர்த்தம். நெருக்கி விதைத்த மானாவாரித் துவரையில் கிள்ளிப் பெரிய பிரயோசனம் இல்லை, கிளை விரிய இடம் இருக்காது.

அடுத்து முருங்கை. எங்க பக்கத்தில் ஒட்டன்சத்திரம் சந்தையை நம்பிச் செடிமுருங்கை போட்டவர்களில் பாதிப்பேர் ஆடிக் காற்றில் அழுதவர்கள்தான். விதை போட்டுவிட்டு அப்படியே விட்டால் முருங்கை விறுவிறுவென்று ஒற்றைக்கம்பாகப் பத்துப் பன்னிரண்டு அடி போய்விடும். முருங்கைக் கட்டைக்கு உறுதி கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். காய் உச்சியில், காற்றும் உச்சியில். ஒரே நாள் காற்றில் காயோடு முறிந்து விழும். தப்பித்த மரத்தில் காய் பறிக்கத் தொரட்டி வேண்டும், அதற்கென்று ஒரு ஆள் வேண்டும், இழுக்கிறபோது பூவும் சேர்ந்து கொட்டும்.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பி.கே.எம். 1 ரகத்துக்கு அவர்கள் சொல்கிற முறை எளிது. செடி 75 செ.மீ., அதாவது இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். விதைத்து ஏறக்குறைய இரண்டு மாசத்தில் இந்த உயரம் வரும். இங்கேதான் கை நடுங்கும். கொழுகொழுவென்று வருகிற செடியின் தலையைக் கிள்ள யாருக்கும் மனசு வராது. நானும் முதல் வருசம், "இன்னும் நாலு நாள் போகட்டும்" என்று தள்ளிப்போட்டு, நாலடி வந்த பிறகு அரிவாளால் வெட்டினேன். கிளை வந்தது, ஆனால் எல்லாம் நாலடிக்கு மேலே. கீழே மொட்டைக்கம்பு. இரண்டரை அடியில் கிள்ளினால்தான் கிளை கீழிருந்து கிளம்பி, மரம் குடை மாதிரி உட்காரும்.

நான் இதோடு விடுவதில்லை. முதல் கிள்ளலுக்குப் பிறகு வருகிற பக்கக் கிளைகளில் நாலு திசைக்கு நாலைந்தை மட்டும் வைத்துக்கொண்டு, அவை இரண்டடி நீண்டதும் அவற்றின் நுனியையும் ஒருமுறை கிள்ளுகிறேன். மூன்றாவது முறை கிள்ளுவதில்லை. ஒவ்வொரு கிள்ளலும் பூக்கிற நாளைக் கொஞ்சம் பின்னால் தள்ளும். விலை கிடைக்கிற மாசத்தைத் தாண்டிக் காய் வந்தால் அந்தக் கிளைகளை வைத்து என்ன செய்ய? காய்ப்பு ஓய்ந்த பிறகு தரையிலிருந்து 90 செ.மீ. விட்டுவிட்டு வெட்டி மறுதாம்பு விடலாம். நாலைந்து மாசத்தில் திரும்பவும் காய்க்கு வரும். வெட்டும்போது சாய்வாக வெட்டுங்கள், மழைத்தண்ணி தங்கக் கூடாது. வெட்டுவாயில் பசுஞ்சாணியும் செம்மண்ணும் குழைத்து அப்பிவிடுவது எங்கள் வழக்கம். அடைமழை நாளில் வெட்டவே வேண்டாம். கார்த்திகையில் வெட்டிய நாற்பது மரத்தில் ஒன்பது எனக்கு அழுகியது.

இப்போது கொடிகள். வீட்டுத் தோட்டக்காரர்கள் அதிகமாகக் கேட்கிற கேள்வி இதுதான்: "சுரை பந்தல் முழுக்கப் படர்ந்திருக்கு, பூவாப் பூக்குது, ஒரு பிஞ்சு நிக்க மாட்டேங்குது."

பூவைப் பாருங்கள். பூவுக்குக் கீழே வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. குட்டிச் சுரைக்காய் மாதிரி ஒன்று இருந்தால் பெண் பூ. சுரையில் முதலில் வருவது ஆண் பூதான், அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் விதையிலிருந்து வந்த தாய்க்கொடி தன் போக்கில் ஓடிக்கொண்டே இருந்தால் அதில் கடைசிவரைக்கும் பெரும்பாலும் ஆண் பூதான் வரும். தாய்க்கொடியிலிருந்து கிளைக்கிற மகள் கொடியில் பெண் பூ கூடுதல். மகளிலிருந்து கிளைக்கிற பேத்திக் கொடியில் இன்னும் கூடுதல், அதுவும் முதல் இரண்டு மூன்று கணுவிலேயே. பேத்தியைச் சீக்கிரம் வரவழைக்க வேண்டுமென்றால் தாயையும் மகளையும் நேரத்தில் நிறுத்த வேண்டும்.

செய்முறை இது. கொடி பந்தலைத் தொடுகிறவரை அதைக் குச்சியில் கட்டி நேராக ஏற்றுங்கள். பந்தலுக்குக் கீழே கிளம்புகிற பக்கக் கொழுந்துகளை எல்லாம் விரல் நீளம் இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். இலையை விட்டுவிடுங்கள், கொழுந்து மட்டும் போதும். பந்தலைத் தாண்டி ஒரு முழம் போனதும் தாய்க்கொடியின் நுனியைக் கிள்ளுங்கள். மூன்று நாலு மகள் கொடி கிளம்பும். ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் திசைக்கு ஒன்றாகப் பிரித்து விடுங்கள். ஒவ்வொரு மகளும் 10, 12 இலை விட்டதும் அதன் நுனியையும் கிள்ளுங்கள். அவ்வளவுதான், பேத்திகளைத் தொடாதீர்கள். ஒன்றிரண்டு மகள் கொடியை மட்டும் கிள்ளாமல் ஓடவிடுங்கள், ஆண் பூவுக்கு. ஆண் பூவே இல்லாமல் பெண் பூவை மட்டும் வைத்துக்கொண்டு என்ன காய்க்கும்?

கொடிகளில் பெண் பூவைக் கூட்ட எத்ரல் என்கிற ஊக்கி இருக்கிறது. செடி இரண்டு இலை விட்டதிலிருந்தே அதைத் தெளிக்கச் சொல்வார்கள். இயற்கை வழியில் அதற்கு இடமில்லை. நமக்கு நகம்தான் எத்ரல்.

இதிலும் பேராசை கூடாது. பேத்திக் கொடியில் கணுவுக்கு ஒரு பிஞ்சு என்று பார்க்கிறபோது மனசு நிறையும். பத்து நாளில் அதில் முக்கால்வாசி மஞ்சளடித்து வெம்பி விழும்போது, "பூச்சி விழுந்துருச்சு, என்ன மருந்து?" என்று போன் வரும். பல நேரம் அது பூச்சி இல்லை. ஒன்று, வேரால் அத்தனை பிஞ்சுக்கும் சோறு போட முடியவில்லை. இல்லையென்றால் மகரந்தம் சேரவில்லை. சுரையும் பீர்க்கும் சாயங்காலம் விரிகிற பூக்கள். அந்துப்பூச்சிகள் வந்து சேர்த்துவிட்டுப் போக வேண்டும். டவுனில் மாடியில் வளர்க்கிறவர்களுக்கு அந்துப்பூச்சி போதுமான அளவு வராது. பொழுது சாய்ந்து பூ விரிந்ததும் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். பூசணி, பாகலுக்கு இந்த வேலையைக் காலையில் செய்ய வேண்டும், அவை விடியலில் விரிகிறவை. பாகல் தானாகவே ஏகப்பட்ட பக்கக் கொடி விடும், அதைக் கிள்ளிக் கிள்ளி உசுப்ப வேண்டியதில்லை.

கொய்யாவுக்கு வருவோம். இதில் கிள்ளுவதைவிட வளைப்பது அழகான வேலை. ஆயக்குடிப் பக்கம் போனால் கொய்யாவின் வளர்த்தியைக் கண்ணால் பார்க்கலாம். நிமிர்ந்து நிற்கிற கிளை வானத்தைப் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கும், உச்சியில் மட்டும் நாலு காய். கொய்யா பூப்பது புதுத் துளிரில். துளிர் எத்தனையோ, காய் அத்தனை. நிமிர்ந்த கிளையைப் படுக்கப்போட்டால் நுனியின் அதிகாரம் போய்விடும். படுத்த கிளையின் முதுகில் உள்ள மொட்டுகள் வரிசையாக எழும். நுனியை வெட்டாமலே வெட்டிய பலன். நேராகப் போகிற கிளைகளை வளைத்துத் தரையில் முளை அடித்துக் கட்டச் சொல்லி நம் வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. மேற்கு வங்கத்தில் இதை ஒரு தனித் தொழிலாகவே செய்கிறார்கள். அங்கே கிளையின் நுனிப்பக்க இலைகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற இலைகளையும் குச்சிகளையும் நீக்கிவிட்டு வளைத்துக் கட்டுவார்கள். இலையை உருவாதே என்று மேலே சொன்னதற்கு இது விலக்கு. நுனியில் விடுகிற இலைகள் சோறு போடும், கிளைக்குள் ஏற்கெனவே சேர்த்து வைத்ததும் இருக்கும்.

வளைக்க ஏற்ற கிளை பென்சில் கனத்திலிருந்து கட்டைவிரல் கனம் வரை. இளம்பச்சை போய்ப் பழுப்பேறத் தொடங்கியிருக்க வேண்டும். முந்தின நாள் நன்றாகத் தண்ணி கட்டுங்கள், கிளை இளகிக் கொடுக்கும். நான் ஒரு கோடையில் தண்ணி கட்டாமல், உச்சி வெயிலில், கயிற்றைக் கட்டி ஒரே இழுப்பாக இழுத்தேன். மூன்று கிளை கவட்டையோடு கிழிந்து வந்தது. அந்த மரம் இன்றைக்கும் ஒருக்களித்துத்தான் நிற்கிறது. இப்போதெல்லாம் கவட்டையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கிளையின் நடுவிலிருந்து வளைத்து, முதல் நாள் பாதி, இரண்டு நாள் கழித்து மீதி என்று இறக்குகிறேன். கட்டுவதற்குக் கம்பி வேண்டாம், பட்டையில் பதிந்துவிடும். பழைய சேலைக் கிழிசலோ வாழைநாரோ போதும். துளிர் எழுந்து நின்றதும் கட்டை அவிழ்க்கலாம். பூ வந்ததிலிருந்து பழத்துக்கு நாலைந்து மாசம் ஆகும். எந்த மாசம் பழம் வேண்டுமோ அங்கிருந்து பின்னோக்கி எண்ணி வளைத்தால், எல்லார் தோட்டத்திலும் பழம் கொட்டிக் கிடக்கிற நாளில் கூடைக்காரரிடம் கெஞ்ச வேண்டியதில்லை.

இனி என் நஷ்டக் கணக்கு. துவரையிலும் முருங்கையிலும் கண்ட பலனில் எனக்குக் கிள்ளுகிற கிறுக்குப் பிடித்துவிட்டது. ஒரு மாசியில் 20 சென்ட் வெண்டை போட்டிருந்தேன். நன்றாக வந்துகொண்டிருந்தது. பார்த்த செடியை எல்லாம் கிள்ளுகிற கை, அதையும் கிள்ளிவிட்டது. கூட நின்ற என் வீட்டுக்காரி, "வெண்டைக்கு எதுக்குங்க?" என்று கேட்டாள். நான் பெரிய விஞ்ஞானி மாதிரி ஆக்சின் கதை சொன்னேன்.

வெண்டை தண்டிலேயே, கணுவுக்கு ஒன்றாகக் காய்க்கிற பயிர். தண்டு மேலே போகப் போகக் காய். நுனியைக் கிள்ளியதும் அந்த ஏணி நின்றுவிட்டது. பக்கக் கிளை வந்தது, உண்மைதான். ஆனால் அது வளர்ந்து காய்க்கு வருவதற்குள் வாரங்கள் ஓடிவிட்டன. பங்குனி கடைசியில் பக்கத்துக் காட்டுக்காரர்கள் முகூர்த்த விலைக்கு வெண்டை விற்றார்கள். என் காய் சந்தைக்குப் போனபோது வரத்து கூடி விலை விழுந்திருந்தது. அந்த வெண்டையை நம்பி அடகு நகைக்குத் தவணை சொல்லியிருந்தோம். நகை இன்னும் ஆறு மாசம் உள்ளேயே கிடந்தது. வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அதிலிருந்து எந்தச் செடியில் கை வைப்பதற்கு முன்னாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இதில் காய் எங்கே பிடிக்கிறது? பக்கக் கிளையிலா, புதுத் துளிரிலா, தண்டிலா, உச்சியிலா? துவரை, முருங்கை, சுரை, செவந்தி, இவற்றுக்குக் கிளையிலும் துளிரிலும். கிள்ளலாம். குண்டுமல்லியும் புதுத் துளிரில்தான் பூக்கும். அதனால்தான் கார்த்திகையில் தரையிலிருந்து அரை மீட்டர் விட்டுக் கவாத்து செய்கிறோம். ஆமணக்கில் முதலில் வருகிற நடுக்குலைதான் பெருங்குலை. சூரியகாந்திக்கு ஒரே தலை. மக்காச்சோளத்தைச் சொல்லவே வேண்டாம். இவற்றைத் தொடக்கூடாது. மாமரம் முற்றிய கிளையின் நுனியில் பூக்கிறது. அறுவடை முடிந்த கையோடு கவாத்து செய்தால் நல்லது, மார்கழியில் கத்தியை எடுத்தால் வரப்போகிற பூவை வெட்டுகிறோம். பருத்தி இரண்டுங்கெட்டான். முதலில் விட்டுவிட்டு, ரகமாக இருந்தால் 15-வது கணுவிலும் வீரிய ஒட்டாக இருந்தால் 20-வது கணுவிலும் நுனியைக் கிள்ள வேண்டும். அங்கே நோக்கம் கிளை வரவழைப்பது இல்லை, வெட்டியாக உயரப் போவதை நிறுத்திச் சத்தைக் காய்க்குத் திருப்புவது. தக்காளியில் கொடிபோல் நீளும் ரகத்துக்கு நேர் எதிர்வேலை. அங்கே நுனியை விட்டுவிட்டுக் கக்கக் கொழுந்துகளை எடுக்கிறோம்.

கிள்ளுவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒருமுறை ஜீவாமிர்தமோ அமுதக்கரைசலோ தண்ணியோடு பாயட்டும். கிள்ளி ஐந்தாறு நாள் கழித்து, பக்க மொட்டு கடுகளவு தெரிகிறபோது, 10 லிட்டர் தண்ணிக்கு 300 மி.லி. பஞ்சகவ்யா கலந்து தெளிக்கலாம். தரையில் மூடாக்கு இருக்கட்டும். கிள்ளிய வாரத்தில் செடி வாடக் கூடாது. காலை நேரத்தில் கிள்ளினால் காயம் வெயிலில் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். இலைச்சுருட்டை, தேமல் மாதிரி நச்சுயிரி நோய் உள்ள செடியைத் தொட்ட கையோடு அடுத்த செடியைக் கிள்ளாதீர்கள், சில நோய்கள் நகம் வழியாகவே பரவும்.

மாடியில் பையில் வளர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பைக்குள் இருக்கிற மண்ணின் அளவுதான் செடியின் அடுப்பு. ஒரு பைக்கு ஒரு சுரைக்கொடி, இரண்டு மகள் கொடி, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று காய். அதற்கு மேல் நிற்கிற பிஞ்சை நீங்களே எடுத்துவிடுங்கள். முதல் தடவை செய்கிறவர்கள் தோட்டத்தில் இருக்கிற எல்லாச் செடியையும் கிள்ள வேண்டாம். பாதியைக் கிள்ளாமல் விட்டு, ஒரு துணியைக் கட்டி அடையாளம் வைத்து, இரண்டிலும் பறித்த காயை ஒரு நோட்டில் தனித்தனியாக எழுதி வாருங்கள். என் வெண்டையில் நாலு வரிசையை அப்படி விட்டிருந்தால் அந்த வருசம் நகை வீட்டுக்கு வந்திருக்கும்.